ஃபிளாட்டில் வளரும் குட்டி நாய்க்கு மூச்சா, கக்கா பழக்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீடு சென்னையில், மூன்றாவது மாடியில். இரண்டு படுக்கையறை, துணி காயப்போட்டால் நிறைந்துவிடும் ஒரு பால்கனி, அவசரத்துக்கு வராத ஒரு லிஃப்ட். இதில் ஐந்தரை கிலோ நாய் ஒன்றும் இருக்கிறது. பெயர் பட்டாணி. பொமரேனியன் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். நம் ஊரில் பொமரேனியன் என்று கைமாறுபவை பெரும்பாலும் இந்தியன் ஸ்பிட்ஸ்தான், இதுவும் அப்படியே. பட்டாணி வந்த பிறகு, குட்டி வாங்கும் தோழிகளும் பக்கத்து பிளாக் ஆட்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். நான் கால்நடை மருத்துவர் இல்லை. தரை துடைத்தே கற்றுக்கொண்டவள். மூச்சா, கக்கா என்பவை எங்கள் வீட்டுச் சொற்கள். நாய்க்கும் அதுதான் பழக்கம், அதனால் அப்படியே எழுதுகிறேன்.

குட்டி வந்து ஒரு வாரம் ஆகிறது. இன்னும் வீடு முழுக்கப் போகிறது. எத்தனை நாளில் பழகும்?

ஒரு வாரத்தில் பழகாது. எட்டு வாரக் குட்டிக்கு அடக்கிக்கொள்ளும் தசையே இன்னும் உறுதிப்பட்டிருக்காது. 12 வாரத்திலிருந்து 16 வாரத்துக்குள்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுப்பாடு வரும். முழுதாக நம்பி விடுவதற்கு ஆறு மாத வயது வரை ஆகும் என்று வைத்துக்கொண்டால் மனசு கஷ்டப்படாது.

சின்ன இனங்களுக்கு இன்னும் கொஞ்சம் இழுக்கும். மூச்சாப் பை சின்னது என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் நாம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. லாப்ரடார் குட்டி நடு ஹாலில் குளம் கட்டினால் வீடே எழுந்து நிற்கும். இரண்டு கிலோக் குட்டி சோபாவுக்குப் பின்னால் இரண்டு ஸ்பூன் அளவுக்குப் போனால் யாருக்குத் தெரியும்? மூன்று நாள் கழித்து வாசனை வரும்போதுதான் தேடுவோம். அதற்குள் குட்டி அந்த இடத்தைத் தன் கழிப்பறை என்று முடிவு செய்திருக்கும்.

ஒரு குட்டியால் எவ்வளவு நேரம் அடக்க முடியும்?

வயது எத்தனை மாதமோ அதோடு ஒன்றைக் கூட்டுங்கள், அத்தனை மணி நேரம். இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணி நேரம், மூன்று மாதத்துக்கு நான்கு. இது குத்துமதிப்பான கணக்கு, அதுவும் சும்மா படுத்திருக்கும் குட்டிக்கு. ஓடி விளையாடிக்கொண்டிருக்கும் இரண்டு மாதக் குட்டியை ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை தூக்கிக்கொண்டு போனால்தான் தரை பிழைக்கும்.

தடுப்பூசி முடியும் வரை தெருவில் இறக்கக் கூடாது என்கிறார்கள். அப்புறம் எங்கேதான் போகும்?

சரியான கேள்வி. ஃபிளாட்காரர்கள் தடுமாறும் இடமே இதுதான். குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி போட்டு, மூன்று நான்கு வார இடைவெளியில் 16 வாரம் வரை தொடர்வார்கள். வெறிநாய்க்கடி ஊசி மூன்று மாதத்துக்கு மேல். இது முடிவதற்குள் தெரு மண்ணை முகர விட்டால் பார்வோ வரலாம். அந்த வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். குட்டிகளுக்கு அது வந்தால் ரத்தத்தோடு பேதியாகி இரண்டு மூன்று நாளில் ஆளைக் கொண்டுபோய்விடும்.

ஆகவே முதல் இரண்டு மாதம் வீட்டுக்குள்ளேயே ஓர் இடம் ஒதுக்கித்தான் ஆக வேண்டும். பால்கனி இருந்தால் பால்கனி, இல்லையென்றால் துணி துவைக்கும் இடம். கம்பிக்கு நடுவே குட்டி நுழைந்துவிடுமா என்று முதலில் பாருங்கள். எங்கள் பால்கனிக் கம்பியில் பட்டாணியின் தலை தாராளமாக நுழைந்தது. அன்று மாலையே வலை அடித்தோம்.

இந்த இரண்டு மாதமும் தெருவே வேண்டாம் என்று குட்டியைப் பூட்டி வைக்கவும் வேண்டாம். கையில் தூக்கிக்கொண்டு கீழே போய் ஆட்டோ சத்தம், குக்கர் விசில், காக்கை எல்லாம் காட்டுங்கள். தரையில் மட்டும் விடாதீர்கள்.

பேப்பரா, பேடா, மண் தட்டா? எது நல்லது?

குட்டிகள் எந்தத் தரையில் போய்ப் பழகுகின்றனவோ அந்தத் தரையைப் பாதம் நினைவில் வைத்துக்கொள்ளும். இரண்டு மாதத்திலேயே இது ஆரம்பித்துவிடும். பிற்காலத்தில் எங்கே போக வேண்டுமோ, அதைப் போன்ற ஒன்றை இப்போதே காலுக்கடியில் வைப்பதுதான் புத்தி.

நாங்கள் இதை முதலில் யோசிக்கவில்லை. செலவில்லையே என்று பழைய பேப்பர் விரித்தோம். பட்டாணி நான்கே நாளில் பழகிவிட்டது, எங்களுக்கு ஒரே பெருமை. ஐந்தாம் நாள் காலை மாமனார் காப்பியைக் குடித்துக்கொண்டே அன்றைய பேப்பரை விரித்து, விளையாட்டுப் பக்கத்தை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு மீதியைத் தரையில் வைத்தார். பட்டாணி நிதானமாக நடந்து வந்து, தலைப்புச் செய்தியின் மேல் நின்று, என்னைப் பார்த்துக்கொண்டே போனது. போய்விட்டு தீனி கேட்டு வாலை வேறு ஆட்டியது. அதன் கணக்கில் அது செய்தது சரி. தீனியைக் கொடுத்துவிட்டேன், மாமனார் இரண்டு நாள் பேசவில்லை.

பப்பி பேட் ஈரத்தை உறிஞ்சும், சுத்தம் செய்வது சுலபம். ஆனால் மிதியடியும் அதே மெத்துமெத்து. பேடில் பழகிய குட்டி குளியலறை வாசல் மிதியடியில் போவதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். பழகும் வரை மிதியடிகளை எல்லாம் சுருட்டி வைத்துவிடுங்கள்.

என் ஓட்டு மண் தட்டுக்குத்தான். நர்சரியில் செடிக்கு வைக்கும் பெரிய அகலமான பிளாஸ்டிக் தட்டு, அதில் இரண்டு அங்குலத்துக்கு மணலும் தென்னை நார்க்கழிவும். நார்க்கழிவு ஈரத்தை நன்றாக இழுக்கும், நாற்றம் குறையும். கட்டியாக நனைந்த இடத்தைத் தினமும் அள்ளி எடுத்துவிட்டு, வாரம் ஒருமுறை முழுதாக மாற்ற வேண்டும். செயற்கைப் புல் விரிப்பும் சிலர் வைக்கிறார்கள். தினமும் கழுவ முடியும் என்றால் வாங்குங்கள். இரண்டு நாள் கழுவாமல் விட்டால் கீழ் வீட்டு ஆள் மேலே ஏறி வந்துவிடுவார்.

எந்த எந்த நேரத்தில் கூட்டிக்கொண்டு போக வேண்டும்?

நான்கு நேரம் தவறவே கூடாது: தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும், இரவு விளக்கணைக்கும் முன்பும். வயிற்றில் உணவு விழுந்ததும் குடல் தானாகவே அசைய ஆரம்பிக்கும். அதனால் சாப்பிட்ட ஐந்து நிமிடத்திலிருந்து அரை மணிக்குள் கக்கா வரும். குட்டிக்குக் குட்டி இது மாறும். உங்கள் குட்டிக்கு எத்தனை நிமிடம் என்று மூன்று நாள் ஒரு காலண்டர் தாளில் எழுதிப் பாருங்கள். பட்டாணிக்கு 12 நிமிடம். நம்ப மாட்டீர்கள், கடிகாரம் வைத்தாற்போல வரும்.

இந்தக் கணக்கு நிற்க வேண்டுமென்றால் சாப்பாட்டுக்கும் நேரம் வேண்டும். நாள் முழுக்கக் கிண்ணத்தில் தீனி நிறைந்து கிடந்தால் கக்காவும் நாள் முழுக்க வரும். குட்டிக்கு மூன்று வேளையோ நான்கு வேளையோ வைத்து, 15 நிமிடத்தில் சாப்பிடாததை எடுத்துவிடுங்கள். அப்புறம், குழந்தைதானே என்று பசும்பால் ஊற்றாதீர்கள். பல குட்டிகளுக்குப் பால் செரிக்காமல் பேதியாகும், பேதியாகும் குட்டிக்கு எந்தப் பழக்கமும் ஏறாது.

வரப்போகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

விளையாட்டைப் பாதியில் விட்டுவிட்டுத் தரையை முகர ஆரம்பிக்கும். முகர்ந்துகொண்டே ஒரே இடத்தைச் சுற்றும். கக்கா என்றால் முதுகு கொஞ்சம் வளையும், பின்னங்கால்கள் கிட்டே வரும். சில குட்டிகள் சத்தமில்லாமல் அடுத்த அறைக்கு நழுவும். வீடு திடீரென்று அமைதியாக இருந்தால் எழுந்து பாருங்கள், குழந்தைகளுக்கும் இதே விதிதான்.

சுற்ற ஆரம்பித்ததும் தூக்கிவிட வேண்டும். ஆரம்பித்த பிறகு என்றாலும் பரவாயில்லை, "ஏ!" என்று கத்தாமல், லேசாகக் கைதட்டி, அப்படியே அள்ளிக்கொண்டு ஓடுங்கள். வழியெல்லாம் சொட்டும். மிச்சம் தட்டில் விழுந்தால் போதும், அதற்கும் தீனி உண்டு.

தட்டுக்குப் பக்கத்தில், ஓர் அங்குலம் தள்ளிப் போகிறது. வேண்டுமென்றே செய்கிறதா?

இல்லை. முன்னங்கால் தட்டில் இருக்கிறது, ஆகவே தான் தட்டில் இருப்பதாக அது நினைக்கிறது. பின்பக்கம் வெளியே தொங்குவது அதற்குத் தெரியாது. தட்டைப் பெரிதாக்குங்கள், அல்லது மூன்று பக்கமும் அட்டை வைத்து அடையுங்கள்.

தீனி எப்போது கொடுக்க வேண்டும்?

முடித்த அந்த நொடியில், அந்த இடத்திலேயே. தட்டில் போய்விட்டு ஹாலுக்கு வந்து, நாம் ஃபிரிட்ஜைத் திறந்து பனீர் எடுத்துக் கொடுத்தால், ஃபிரிட்ஜ் பக்கம் வந்ததற்குப் பரிசு கிடைத்ததாக அது கணக்கெழுதிக்கொள்ளும். பால்கனிக் கதவுப் பக்கம் ஆணியில் ஒரு டப்பா தொங்கவிட்டு அதில் தீனி வைத்திருந்தேன். சுண்டைக்காய் அளவுக்கு ஒரு துண்டு போதும்.

போகும்போது ஒரே சொல்லை மெதுவாகச் சொல்லிக்கொண்டிருங்கள். எங்களுக்கு "மூச்சா போ". வீட்டில் எல்லோரும் அதே சொல்லைச் சொல்ல வேண்டும். கணவர் "கோ பாட்டி" என்று இங்கிலீஷில், அத்தை "போய்ட்டு வா கண்ணு" என்று, என் மகள் விசில் அடித்து என ஆளுக்கொரு மொழி பேசியதில் பட்டாணி முதல் வாரம் பால்கனியில் உட்கார்ந்து எங்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தது. பின்னால் இந்தச் சொல் ரொம்ப உதவும். ரயில் ஏறுவதற்கு முன் ஸ்டேஷன் வாசலில் "மூச்சா போ" என்றால் போகும்.

போன இடத்தில் மூக்கைத் தேய்த்தால்தான் புத்தி வரும் என்கிறார் அப்பா. செய்யலாமா?

கூடாது. அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் செய்தார்கள், நாய்கள் பழகவும் பழகின. பழகியது மூக்கைத் தேய்த்ததால் இல்லை. வாசல், தோட்டம், கொல்லை என்று நாள் முழுக்க வெளியே இருந்ததால். அரை மணி முன்னால் போன மூச்சாவுக்கும் இப்போது கழுத்தில் விழும் பிடிக்கும் குட்டி முடிச்சுப் போடாது. அது கற்றுக்கொள்வது ஒன்றுதான்: இந்த ஆள் எதிரில் போகக் கூடாது. அப்புறம் நீங்கள் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு அரை மணி நின்றாலும் உங்கள் முன்னால் போகாது. வீட்டுக்கு வந்து கட்டிலுக்கடியில் போகும்.

"தப்பு செய்தது அதுக்கே தெரியுதுங்க, முகத்தைப் பாருங்க" என்பார்கள். காது பின்னால் போய், தலை தாழ்ந்து, கண்ணைத் திருப்பிக்கொள்ளும் அந்த முகத்தைப் பற்றி அமெரிக்க ஆய்வாளர் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். தின்னக் கூடாது என்று சொல்லித் தீனியை வைத்துவிட்டு உரிமையாளரை வெளியே அனுப்பினார். நாய் தின்றதா இல்லையா என்பதை உரிமையாளரிடம் சில சமயம் மாற்றிச் சொன்னார். நாய் தின்றிருந்தாலும் இல்லாவிட்டாலும், திட்டு விழுந்தபோதுதான் அந்த முகம் கூடுதலாக வந்தது. நாம் குற்ற உணர்வு என்று படிப்பது, நம் கோபத்தைப் பார்த்து வரும் பயம்.

எதைப் போட்டுத் துடைப்பது? ஃபினாயில் ஊற்றியும் அதே இடத்தில் போகிறதே?

ஃபினாயில் நம் மூக்கை ஏமாற்றும், நாய் மூக்கை ஏமாற்றாது. மேலே பைன் வாசனை, அடியில் அது போன மூச்சாவின் வாசனை, இரண்டும் அதற்குத் தனித்தனியாகத் தெரியும். அம்மோனியா கலந்த கிளீனர் இன்னும் மோசம். மூச்சாவின் வாசனையும் அம்மோனியா வகைதான், ஆகவே யாரோ ஏற்கெனவே போயிருக்கிறார்கள் என்று அதுவும் போகும். பிளீச்சிங் பவுடரை மூச்சா ஈரத்தின் மேல் நேரடியாகப் போடாதீர்கள், கண் எரியும் நச்சுப் புகை வரும். ஃபினாயில் போட்டுத்தான் ஆக வேண்டுமென்றால், தரை முழுதாகக் காய்ந்த பிறகு குட்டியை விடுங்கள். பாதத்தை நக்கும் பிராணி அது.

முதலில் பழைய துணியையோ பேப்பரையோ வைத்து அழுத்தி ஈரத்தை எடுங்கள், தேய்த்தால் பரவும். பிறகு என்சைம் கிளீனர். செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கிறது. அதைத் தெளித்ததும் துடைக்காமல் பத்து பதினைந்து நிமிடம் ஊற விட வேண்டும், வாசனைப் பொருளை அது சிதைப்பதற்கு நேரம் பிடிக்கும். அவசரத்துக்கு வினிகரும் தண்ணீரும் பாதிக்குப் பாதி. ஆனால் மார்பிள், மொசைக், கடப்பா தரையில் வினிகர் வேண்டாம். அவற்றில் சுண்ணாம்பு இருப்பதால் அமிலம் பட்டு மெருகு போய்விடும். எங்கள் ஹாலில் அப்படி வெளிறிய வட்டம் ஒன்று இருக்கிறது, மேலே டீபாய் போட்டு மறைத்திருக்கிறேன். கல் தரைக்குச் சோப்புத் தண்ணீர், பிறகு என்சைம், போதும். மெத்தை, சோபாவுக்கு ஈரத்தை எடுத்துவிட்டு ஆப்பச் சோடா தூவி மறுநாள் தட்டி எடுங்கள்.

ராத்திரி எத்தனை முறை எழுந்திருக்க வேண்டும்?

இரண்டு மாதக் குட்டிக்கு ஒருமுறை, சில நாள் இரண்டு. தூங்கும்போது உடம்பே கொஞ்சம் அடக்கிக் கொடுக்கும். படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடித்துவிடுங்கள். தண்ணீரை ஒரு மணி முன்னால் எடுத்து வைக்கலாம். ஆனால் மே மாதப் புழுக்கத்தில் அதைச் செய்யாதீர்கள், தரையைத் துடைத்துக்கொள்ளலாம். இரவு எழுந்தால் விளக்குப் போடாமல், கொஞ்சாமல், போன வேலையை முடித்துவிட்டுப் படுத்துவிட வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு ஒரே ஒரு நாள் பந்து விளையாடினால், அடுத்த நாளும் இரண்டு மணிக்குப் பந்தோடு வந்து நிற்கும்.

கூண்டில் வைப்பது பாவமில்லையா?

கூண்டு என்ற சொல்தான் பாவம். குட்டி தான் படுக்கும் இடத்தைத் தானே அசுத்தம் செய்வதற்குத் தயங்கும். மூன்று வாரத்திலிருந்தே தாயின் படுக்கையை விட்டுத் தள்ளிப்போய்த்தான் போகும். அந்தத் தயக்கத்தைப் பயன்படுத்திக்கொள்ளத்தான் கூண்டு. எழுந்து நிற்கவும் திரும்பவும் நீட்டிப் படுக்கவும் இடம் இருந்தால் சரி. வளர்ந்தாலும் ஆகட்டும் என்று பெரிதாக வாங்கினால் ஒரு மூலையில் படுக்கும், இன்னொரு மூலையில் போகும். கதவைத் திறந்து போட்டு, உள்ளே சாப்பாடு வைத்து, தானாக நுழையும் வரை காத்திருங்கள். தண்டனைக்கு அதில் அடைக்கக் கூடாது. நாள் முழுக்கப் பூட்டி வைத்துவிட்டு ஆபீஸ் போனால் அது நிஜமாகவே பாவம்.

கூண்டு பிடிக்காதவர்களுக்கு இன்னொரு வழி. சங்கிலியின் மறுமுனையை உங்கள் இடுப்பில் கட்டிக்கொண்டு வீட்டு வேலை செய்யுங்கள். சமையலறையிலிருந்து ஹால், ஹாலிலிருந்து குளியலறை என்று கூடவே வரும், நழுவிப் போக முடியாது. மூன்று வாரம் நான் அப்படித்தான் தோசை ஊற்றினேன்.

இரண்டு பேரும் வேலைக்குப் போகிறோம். முடியுமா?

நான்கு மாதத்துக்குள் இருக்கும் குட்டியை ஒன்பது மணி நேரம் தனியே விட்டுவிட்டுப் பழக்குவது நடக்காது. மதியம் வந்து பார்க்க யாராவது வேண்டும். யாரும் கிடைக்காதென்றால் குட்டிக்குப் பதில் ஒன்றரை, இரண்டு வயது நாயைத் தத்தெடுங்கள். வளர்ந்த நாய் பழகாது என்பது சும்மா பேச்சு. பை பெரிது, அடக்கவும் தெரியும். புது வீட்டில் முதல் இரண்டு வாரம் குட்டியைப் போலவே மணிக்கணக்கு வைத்துக் கூட்டிப் போனால் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும். கூண்டுக்குள்ளேயே பல காலம் கிடந்து, படுத்த இடத்திலேயே போய்ப் பழகிய நாய்களுக்குத்தான் மாதக்கணக்கில் ஆகும்.

ஊசி எல்லாம் முடிந்தது. ஒரு மணி நேரம் தெருவில் நடக்கிறது, போகவே மாட்டேன் என்கிறது. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் தரையில் போகிறது. ஏன்?

இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, வெளியே வாசனை அதிகம், வேடிக்கை அதிகம், மூச்சா மறந்துபோகிறது. இன்னொன்று நாமே சொல்லிக்கொடுத்தது: அது போனதும் "சரி, வேலை முடிஞ்சது, வா வீட்டுக்கு" என்று இழுத்து வந்திருப்போம். போனால் ஊர்சுற்றல் முடிந்துவிடும் என்று கண்டுபிடித்த நாய் ஏன் போகும்?

வரிசையை மாற்றிப் போடுங்கள். கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு மரத்தடி, ஒரே இடம், அங்கே அசையாமல் ஐந்து நிமிடம் நில்லுங்கள். போனால் தீனி, அதற்குப் பிறகுதான் நடை. போகவில்லையா, மேலே வந்து கையில் வைத்துக்கொண்டோ கூண்டில் விட்டோ பத்து நிமிடம் கழித்து மறுபடி இறங்குங்கள். ஒரு வாரம் லிஃப்ட்டே கதி என்று இருக்க வேண்டும். வீட்டுத் தட்டில் இருக்கும் நார்க்கழிவு ஒரு பிடி எடுத்துப்போய் மரத்தடியில் போட்டால் சீக்கிரம் புரிந்துகொள்ளும்.

கோடையில் காலை எட்டு மணிக்கு முன், மாலை ஆறு மணிக்குப் பின். புறங்கையை ரோட்டில் ஐந்து நொடி வைத்துப் பாருங்கள், உங்களுக்குச் சுட்டால் அதற்கும் சுடும்.

மழைக்காலத்தில் வெளியே வர மறுக்கிறது.

சின்ன நாய்க்கு வயிறு தரைக்கு நாலைந்து அங்குலம்தான். ஐப்பசி மழையில் நனைந்த புல் வயிற்றைத் தொட்டால் யாருக்குத்தான் பிடிக்கும்? பால்கனித் தட்டை ஊசி முடிந்ததும் தூக்கிப் போடாதீர்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான். தேங்கிய தண்ணீரில் எலி மூத்திரம் கலந்திருக்கும், லெப்டோ காய்ச்சல் வரும். அந்த ஊசியை வருடா வருடம் போட வேண்டும். தீபாவளி வாரத்திலும் தட்டுதான். இருட்டுவதற்கு முன்பே கீழே கூட்டிப்போய் வந்துவிடுங்கள். வெடிச் சத்தத்தில் சங்கிலியை உருவிக்கொண்டு ஓடிய நாய்கள் எல்லா ஏரியாவிலும் உண்டு.

விருந்தாளி வந்தால் தரையோடு தரையாகப் படுத்துச் சொட்டுச் சொட்டாகப் போகிறது.

அது பழக்கக் குறை இல்லை. பணிவைக் காட்டும் நாய் மொழி, அல்லது சந்தோஷம் தாங்கவில்லை. திட்டினால் இன்னும் பணிந்து இன்னும் போகும். வருபவர் நேரே குனிந்து தலையைத் தடவாமல், இரண்டு நிமிடம் கண்டுகொள்ளாமல் உட்காரட்டும். பெரும்பாலான குட்டிகளுக்கு ஒரு வயதுக்குள் நின்றுவிடும்.

ஆண் நாய், எட்டு மாதம். பழகியிருந்தது, இப்போது சோபாக் காலில் தூக்குகிறது.

எல்லை போடுகிறது. ஆறு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் ஆரம்பிக்கும். கருத்தடை செய்தால் பல நாய்களுக்குக் குறையும்; பழக்கமாக ஊறிய பிறகு செய்தால் அவ்வளவாகக் குறையாது. தூக்கிய இடத்தை என்சைம் போட்டுக் கழுவிவிட்டு, அங்கே அதன் சாப்பாட்டுக் கிண்ணத்தை வையுங்கள்.

இரண்டு வருடம் ஒழுங்காக இருந்த நாய் திடீரென்று வீட்டுக்குள் போகிறது. கோபமா?

பழிவாங்குகிறது, பொறாமை என்றெல்லாம் கதை கட்டுவதற்கு முன் மருத்துவரிடம் போங்கள். அடிக்கடி முக்கி முக்கிக் கொஞ்சமாகப் போனால், ரத்தம் கலந்தால், நீர்ப்பாதைத் தொற்றோ கல்லோ இருக்கலாம். தண்ணீர் அதிகம் குடித்து அதிகம் போனால் சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு. அரிப்புக்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரையும் இதைச் செய்யும். கருத்தடை செய்த பெண் நாய் தூக்கத்தில் தன்னை அறியாமல் நனைப்பதுண்டு, அதற்கு மருந்து இருக்கிறது.

இரண்டு விஷயத்துக்கு மட்டும் அன்றைக்கே ஓட வேண்டும். முக்குகிறது, ஒரு சொட்டும் வரவில்லை என்றால் அடைப்பு. கருத்தடை செய்யாத பெண் நாய், தீட்டு முடிந்து சில வாரத்தில் சோர்ந்து படுத்து, தண்ணீராகக் குடித்தால் கர்ப்பப்பையில் சீழ் கட்டியிருக்கலாம்.

தன் கக்காவையே தின்கிறது!

குட்டிகளில் பல செய்யும். உடனே அள்ளிவிடுங்கள், வயிற்றுப் பூச்சிக்கான மருந்து சரியாகக் கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். கத்திக்கொண்டு ஓடினால் யார் முதலில் எடுப்பது என்று அது போட்டி போடும்.

வீட்டில் பூஜை அறை இருக்கிறது. மாமியார் ஒப்புக்கொள்வாரா?

என் அத்தை முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. பூஜை அறை வாசலில் முழங்கால் உயரத்துக்குப் பலகை ஒன்று அடித்தோம். குழந்தைக்குப் போடும் தடுப்புக் கதவும் போதும். பழகும் வரை குட்டிக்கு வீடு முழுக்கத் திறந்து விடாமல் ஓர் அறை, அது சரியானதும் இன்னோர் அறை என்று கொடுப்பது எப்படியும் நல்லது. அதனால் பூஜை அறை கடைசி வரை அதன் வரைபடத்திலேயே வராது. இப்போது அத்தை விளக்கேற்றும்போது பலகைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கற்கண்டுக்குக் காத்திருக்கிறது. கொடுக்காதீர்கள் என்று நான் சொல்வதை யாரும் கேட்பதில்லை.

அசோசியேஷனில் நாயை லிஃப்டில் ஏற்றக் கூடாது என்கிறார்கள்.

இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி குடியிருப்போர் சங்கம் செல்லப்பிராணிக்கோ அது லிஃப்டில் ஏறுவதற்கோ தடை போட முடியாது. அந்தத் தாளைக் காட்டலாம். ஆனால் காட்டுவதற்கு முன் உங்கள் கையில் ஒரு கவர் இருக்க வேண்டும். கக்காவை அள்ளாமல் போகும் ஒருவரால்தான் மீதி ஒன்பது பேருக்கும் சண்டை வருகிறது. லிஃப்டில் குட்டியைக் கையில் தூக்கிக்கொள்ளுங்கள், தூக்கினால் பெரும்பாலும் அடக்கும். பையில் எப்போதும் பழைய துணி ஒன்று இருக்கட்டும். மாநகராட்சி உரிமம், வெறிநாய்க்கடி ஊசிச் சான்று இரண்டையும் போனில் படமாக வைத்திருந்தால் பேச்சு சீக்கிரம் முடியும்.

கதவில் மணி கட்டிப் பழக்கலாம் என்கிறார்களே, வேலை செய்யுமா?

செய்யும். மகளின் பழைய சலங்கையில் ஒரு வரிசையை அறுத்து, பட்டாணியின் மூக்கு உயரத்துக்குப் பால்கனிக் கதவில் கட்டினேன். ஒவ்வொரு முறையும் கதவைத் திறக்கும் முன் அதன் பாதத்தைப் பிடித்து ஒரு தட்டு. பத்து நாளில் தானே தட்ட ஆரம்பித்தது. பதினைந்தாம் நாளிலிருந்து காக்கை வந்தாலும் தட்டுகிறது, கீழே இளநீர் வண்டி வந்தாலும் தட்டுகிறது. மூச்சாவா காக்கையா என்று தெரியாது, ஆகவே ஒவ்வொரு முறையும் எழுந்து போய்த் திறக்கிறேன்.